பறக்காத தாயின் பயணம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குப் பகுதியில் ஓக் மரக் காடுகள் மிகுதி. சில ஆண்டுகளில், ஜூன் மாதத்தில் அந்தக் காடுகளுக்குள் நுழைபவர்களுக்கு மழை தூறுவதைப் போன்ற ஓசை கேட்கும். அண்ணாந்து பார்த்தால் வானில் மேகமே இராது. பின் அது என்ன ஓசை? மரங்களின் மேல் இலட்சக்கணக்கான கம்பளிப்புழுக்கள் இலைகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. அவற்றின் எச்சம் மணிமணியாகச் சருகுகளின் மேல் விழும் ஓசைதான் அது!

சில வாரங்களில் காடே மொட்டையாகிவிடும். நடுக்கோடையில் குளிர்காலக் காட்டைப் போல வெறுங்கிளைகள் மட்டும் நிற்கும். 1981-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறு இலையிழந்த பரப்பு சுமார் 52 லட்சம் ஹெக்டேர். ஓக் மரம் மீண்டும் துளிர்க்க வல்லதுதான். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இலையிழந்தால், மரம் சேமித்து வைத்த உணவெல்லாம் தீர்ந்துபோகும். வலுவற்ற மரங்கள் பட்டுப்போகும்.

இந்தப் புழு வளர்ந்து ஓர் அந்துப்பூச்சி ஆகிறது. அதன் அறிவியல் பெயர் லைமாண்ட்ரியா டிஸ்பார். டிஸ்பார் என்றால் இலத்தீன் மொழியில் 'ஒத்திராதது' என்று பொருள். ஆண் பழுப்பு நிறம். பெண் வெண்மை நிறம், உருவிலும் பெரியது. பெண் பூச்சி தன் வயிற்றிலுள்ள மென்மயிரைக் கொண்டு முட்டைகளை மூடிவைக்கும். 500 முதல் 1,000 முட்டைகள் வரை அடங்கிய அந்தக் குவியல் பார்ப்பதற்குக் கடற்பஞ்சுத் துண்டைப் போல இருக்கும். ஆகவே 2022 முதல் அமெரிக்கப் பூச்சியியலார் இதை 'ஸ்பாஞ்சி மாத்' என்று அழைக்கின்றனர். நாம் இதைப் 'பஞ்சு அந்து' என்று சொல்லிக்கொள்வோம்.

இதில் ஒரு வியப்பு உண்டு. அமெரிக்காவில் பரவியுள்ள பஞ்சு அந்துக்களில் பெண்ணுக்கு இறக்கைகள் இருக்கின்றன. ஆனால் அதனால் பறக்க முடியாது! கூட்டை விட்டு வெளிவந்த இடத்துக்கு அருகிலேயே ஊர்ந்து சென்று முட்டையிட்டு மடிந்துவிடும். அப்படியானால் பறக்காத தாயின் சந்ததி ஒரு கண்டத்தின் பரந்த ஒரு பகுதியை எவ்வாறு பிடித்தது? இதே இனத்தில், பறக்கும் பெண்கள் ஆசியாவில் இருக்கின்றன. அவை அமெரிக்காவுக்குள் புகுந்தால் என்ன ஆகும்? இந்த இரண்டு வினாக்களையும் ஆராய்ந்தால் மரபியலின் சில அடிப்படைகள் நமக்குப் புலனாகும்.

வீட்டுத் தோட்டத்தில் தொடங்கிய கதை

பஞ்சு அந்து அமெரிக்காவுக்கு உரிய பூச்சி அன்று. ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ந்த பகுதிகளிலும் இயற்கையாக வாழ்வது. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் எத்தியென் லியோபோல்ட் ட்ரூவெலோ என்ற பிரெஞ்சுக்காரர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபர்ட் நகரில் குடியேறிய அவர் ஓர் ஓவியர். பட்டு தரும் புழுக்களை வளர்ப்பதில் அவருக்குப் பேரார்வம். 1860-களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து பஞ்சு அந்தின் முட்டைகளைக் கொண்டுவந்து வீட்டிலேயே வளர்த்தார். 1869-ஆம் ஆண்டு வாக்கில் சில பூச்சிகள் தப்பி வெளியேறிவிட்டன.

பின்னர் ட்ரூவெலோவின் நாட்டம் வானியலின் பக்கம் திரும்பியது. ஹார்வர்டு வானாய்வகத்தில் கோள்களையும் சூரியனையும் அழகிய ஓவியங்களாகத் தீட்டிப் புகழ் பெற்றார். நிலவிலும் செவ்வாயிலும் உள்ள இரு பள்ளங்களுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஆனால் தப்பிய பூச்சிகளோ மெட்ஃபர்டில் ஓசையின்றிப் பெருகிக்கொண்டிருந்தன. 1889-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரின் மரங்களில் மட்டுமின்றி வீட்டுச் சுவர்களிலும் நடைபாதைகளிலும் புழுக்கள் மொய்த்தன. 1890-இல் மாநில அரசு பூச்சியை அடியோடு ஒழிக்க முற்பட்டது. ஆட்கள் மரம் மரமாக ஏறி முட்டைக் குவியல்களை அழித்தனர். ஈய ஆர்சனேட் என்ற நஞ்சு இந்தப் பூச்சியைக் கொல்லவே அந்த ஆண்டுகளில் ஆக்கப்பட்டது. பத்தாண்டு உழைப்பில் பூச்சி அரிதாயிற்று. 'இனிக் கவலையில்லை' என்று எண்ணி 1900-இல் வேலையை நிறுத்தினர். எஞ்சியிருந்தவை மீண்டும் பெருகிவிட்டன!

1950-களில் விமானங்களிலிருந்து டி.டி.டி. தூவினர். அந்த நஞ்சு பறவைகளையும் மீன்களையும் பால் தரும் மாடுகள் மேயும் புல்லையும் தொட்டது. ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்ற நூலில் இதைக் கண்டித்து எழுதினார். அவ்வளவு நஞ்சுக்கும் பூச்சி ஒழியவில்லை.

ஒரு கைப்பிடிக் கோலிக்குண்டுகள்

இப்பொழுது மரபியலுக்கு வருவோம். ஒரு கூடையில் பத்து நிறக் கோலிக்குண்டுகள் நூற்றுக்கணக்கில் கலந்து கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நான்கு குண்டுகளை எடுங்கள். உங்கள் கையில் எத்தனை நிறங்கள் இருக்கும்? மிகுதியாகப் போனால் நான்கு. மற்ற நிறங்கள் கூடையிலேயே தங்கிவிடும்.

ஐரோப்பாவிலுள்ள கோடிக்கணக்கான பஞ்சு அந்துக்கள்தாம் அந்தக் கூடை. நிறங்கள் என்பவை ஒரே ஜீனின் வெவ்வேறு வடிவங்கள். ட்ரூவெலோ கொண்டுவந்த முட்டைகள் ஒரு கைப்பிடி. அமெரிக்காவில் இன்றுள்ள அத்தனை கோடிப் பூச்சிகளும் பெரும்பாலும் அந்தக் கைப்பிடியிலிருந்து வந்தவையே. சிலர் மட்டும் பிரிந்து சென்று புதிய கூட்டத்தை நிறுவும்போது, மூலக் கூட்டத்தின் ஜீன் வகைகளில் சிறு பகுதியே உடன் செல்கிறது. இதை 'நிறுவனர் விளைவு' என்பர். ஆய்வுக் கூடத்தில் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோது இது தெளிவாயிற்று. அமெரிக்கப் பூச்சிகளின் ஜீன்கள் மேற்கு ஐரோப்பியப் பூச்சிகளின் ஜீன்களை ஒத்திருக்கின்றன. ஆசியப் பூச்சிகளில் உள்ள அளவு வேறுபாடு அவற்றில் இல்லை.

ஜீன் வகைகள் குறைந்த கூட்டம் நலிவடையும் என்பது பொது விதி. இந்தக் கூட்டமோ செழித்தது. ஏன்?

முதலாவது, இது எதையும் தின்னும் இயல்புடையது. ஓக், ஆப்பிள், பிர்ச், வில்லோ என 300-க்கும் மேற்பட்ட மரஞ்செடி வகைகள் இதற்கு உணவு. இந்த இயல்பு அந்தச் சில முட்டைகளிலேயே முழுமையாக அடங்கியிருந்தது. இரண்டாவது, தாயகத்தில் இதன் எண்ணிக்கையை அடக்கிவைத்த ஒட்டுண்ணிக் குளவிகளும் நோய்களும் பெரும்பாலும் உடன் வரவில்லை. மூன்றாவது, நாமே இதற்கு வாகனம் ஆனோம். தாய் பறக்காவிட்டாலும், குஞ்சுப் புழு மெல்லிய நூலில் தொங்கிக் காற்றில் மிதந்து பக்கத்து மரங்களை அடைகிறது. தொலைவான ஊர்களுக்கோ முட்டைக் குவியல்கள் விறகிலும் வீட்டுச் சாமான்களிலும் வண்டிகளின் அடியிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. முட்டைகள் எட்டு ஒன்பது மாதங்கள் பொரியாமல் இருக்கக்கூடியவை. கோடையில் இட்ட முட்டை குளிர்காலத்தைக் கடந்து அடுத்த வசந்தத்தில்தான் பொரியும். பயணத்துக்கு அவ்வளவு காலம் போதாதா?

155 தலைமுறைகள்

பஞ்சு அந்துக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். 1869 முதல் இன்றுவரை ஏறத்தாழ 155 தலைமுறைகள் கடந்துள்ளன. மனிதருக்கு ஒரு தலைமுறை 25 ஆண்டுகள் என்று கொண்டால், இது சுமார் 3,900 ஆண்டுகளுக்குச் சமம். ஓர் இனம் புதிய சூழ்நிலைக்கு ஏற்ப மாறத் தொடங்க இந்தக் காலம் போதுமா?

வடக்கே கானடாவில் கடுங்குளிர். தெற்கே வர்ஜீனியாவில் வெப்பம் மிகுந்த கோடை. இரு இடங்களிலும் இன்று பஞ்சு அந்து வாழ்கிறது. வடக்குப் பூச்சிக்கும் தெற்குப் பூச்சிக்கும் வேறுபாடு உண்டா என்று ஆராய்ந்தனர். இதற்கு ஒரு முன்னெச்சரிக்கை தேவை. தெற்கே பிடித்த புழு வெப்பத்தைத் தாங்கினால், அது அங்கே வளர்ந்ததால் வந்த பழக்கமாகவும் இருக்கலாம். ஆகவே இரு பகுதிகளிலிருந்தும் முட்டைகளை எடுத்து, ஒரே உணவு கொடுத்து, ஒரே வெப்பநிலையில் ஆய்வுக் கூடத்தில் வளர்த்தனர். இவ்வாறு வளர்த்த பின்னும் காணும் வேறுபாடு மரபு வழியே வந்ததாகத்தான் இருக்க வேண்டும். மிகு வெப்பத்தில் தெற்குப் பகுதிப் புழுக்கள் வடக்குப் புழுக்களைவிட நன்கு தாங்கி வளர்ந்தன.

இதன் பொருள் என்ன? வெப்ப நாட்களில் பல புழுக்கள் மடிந்தன. தாங்கும் ஜீன் வகைகளைப் பெற்றிருந்தவை பிழைத்து முட்டையிட்டன. ஆண்டுதோறும் இது நிகழ, அந்த ஜீன் வகைகள் தெற்கே பெருகின. டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு இதுதான். கைப்பிடியில் நிறங்கள் குறைவு என்றால், நிறமே இல்லை என்று பொருள் அன்று. இயற்கை தேர்ந்தெடுப்பதற்கு அந்தக் கைப்பிடியிலேயே ஓரளவு வேறுபாடு இருந்திருக்கிறது.

ஆனால் தேர்வு எவ்வளவு வல்லமை வாய்ந்ததாயினும், கையில் இல்லாத குண்டை அதனால் எடுக்க முடியாது. அமெரிக்காவில் 155 தலைமுறைகள் ஆகியும் பெண் பூச்சி பறக்கவில்லை.

ஒரே இனம், இரு முனைகள்

ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் பெண் பறப்பதில்லை. கிழக்கே செல்லச் செல்லப் பறக்கக்கூடிய பெண்களின் எண்ணிக்கை கூடுகிறது. ரஷ்யாவின் தூரக் கிழக்கு, சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய இடங்களில் பெண் நன்றாகவே பறக்கிறது. இவை எல்லாம் ஒரே இனம். ஆயினும் நெடுங்காலம் விலகி வாழ்ந்ததால் உள்ளே மாறியுள்ளன.

இந்த உள்மாற்றத்தை முதலில் எடுத்துக் காட்டியவர் ஜெர்மானிய மரபியலார் ரிச்சர்ட் கோல்டுஷ்மிட். ஐரோப்பியப் பஞ்சு அந்துக்களையும் ஜப்பானியப் பஞ்சு அந்துக்களையும் அவர் கலப்புச் செய்தார். 1914-இல் ஜப்பானுக்கே சென்று பூச்சிகளைத் திரட்டினார். ஐரோப்பியப் பெண்ணையும் ஜப்பானிய ஆணையும் கலந்தபோது மகன்கள் இயல்பாகப் பிறந்தன. மகள்களோ ஆணும் அல்லாத பெண்ணும் அல்லாத இடைநிலையில் இருந்தன! தாயையும் தந்தையையும் மாற்றிக் கலந்தால் இந்தக் குழப்பம் நேரவில்லை.

இதை ஒரு தராசைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். அந்துப்பூச்சிகளில் பெண்மைக்கான தூண்டுதல் தாயின் வழியே வருகிறது. ஆண்மைக்கான தூண்டுதல் இசட் என்னும் பால் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு இரு இசட் குரோமோசோம்கள். மகளுக்கு ஒன்றே, அதுவும் தந்தையிடமிருந்து. ஐரோப்பிய வகையில் இரு தட்டுகளிலும் சிறு எடைகள். ஜப்பானிய வகையில் இரு தட்டுகளிலும் பெரு எடைகள். தத்தம் நாட்டில் தராசு சரியாகவே வேலை செய்கிறது. ஐரோப்பியத் தாயின் சிறு எடையும் ஜப்பானியத் தந்தையின் பெரு எடையும் மகளிடம் சேரும்போதுதான் தராசு சாய்கிறது. பெயர் ஒன்றாயிருந்தாலும் ஜீன்கள் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பறக்கும் திறனும் இத்தகைய மரபு வேறுபாடுதான். அது ஒரே ஜீனால் அமைவதன்று. இறக்கையின் அளவு, தசையின் வலு, பறக்க முற்படும் நடத்தை ஆகிய எல்லாம் சேர வேண்டும். பறக்கும் வகையையும் பறக்காத வகையையும் கலந்தால், பிறக்கும் பெண்களின் திறன் பெரும்பாலும் இடைப்பட்டதாக இருக்கும். பல ஜீன்கள் சேர்ந்து இயங்குகின்றன என்பதன் அறிகுறி இது.

கப்பலில் வந்த தாய்

1991-ஆம் ஆண்டு. பசிபிக் கரையில் கானடாவின் வான்கூவர் அருகிலும், அமெரிக்காவின் டகோமா, போர்ட்லண்டு துறைமுகங்களின் அருகிலும் பொறிகளில் பஞ்சு அந்துக்கள் சிக்கின. பரிசோதித்தபோது அவை ஆசிய வகை என்று தெரிந்தது! எப்படி வந்தன? ஆசியப் பெண் பூச்சி இரவில் விளக்கொளியை நாடிப் பறக்கும். ரஷ்யாவின் தூரக் கிழக்குத் துறைமுகங்களில் விளக்குகள் எரிய நின்ற கப்பல்களின் மேல் அவை முட்டையிட்டிருந்தன. கப்பல்கள் அமெரிக்கக் கரையை அடைந்தபோது முட்டைகள் பொரிந்து, குஞ்சுப் புழுக்கள் நூல் விட்டுக் காற்றில் மிதந்து கரை சேர்ந்தன.

'பஞ்சு அந்து ஏற்கெனவே அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருக்கிறதே, இன்னும் நாலு வந்தால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். வந்தது நாலு பூச்சிகள் மட்டும் அல்ல. கூடையில் தங்கிவிட்ட நிறங்கள் வந்தன. பறக்கும் பெண்கள் நிலைபெற்றால், பல கிலோமீட்டர் பறந்து பறந்து முட்டையிடும். இதுவரை மெல்ல நகர்ந்த பூச்சி விரைந்து பரவும். உள்ளூர்ப் பூச்சிகளுடன் கலந்தால், புதிய ஜீன்கள் பழைய கூட்டத்துக்குள்ளும் நுழைந்துவிடும்.

ஆகவே காத்திருக்கவில்லை. 1992-இல் அப்பகுதிகளில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து செய்த மருந்தைத் தெளித்தனர். அதைத் தின்ற புழுக்கள் மடிந்தன. மற்ற சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களையும் அது கொல்லும் என்றாலும், டி.டி.டி.யைப் போல அது பறவைகளையும் மீன்களையும் தாக்குவதில்லை. ஆசிய வகை அங்கே வேரூன்றாமல் அழிக்கப்பட்டது. 1993-இல் ஜெர்மனியிலிருந்து வட கரோலினாவுக்கு வந்த ஓர் இராணுவச் சரக்குக் கப்பலில் ஐரோப்பிய, ஆசிய வகைகளின் கலப்பினப் பூச்சிகள் வந்தன. அவையும் அழிக்கப்பட்டன.

தாயைக் காட்டும் டி.என்.ஏ.

பொறியில் சிக்கிய பூச்சி எந்த வகை என்று எவ்வாறு அறிவது? பொறியில் விழுவது எப்போதும் ஆண்தான். பெண் வெளிவிடும் ஒரு மணப்பொருளை நாடி ஆண் பறந்து வரும். 'டிஸ்பார்லூர்' எனப்படும் அந்தப் பொருளின் வேதியியல் அமைப்பு 1970-இல் கண்டறியப்பட்டது. அதைச் செயற்கையாகச் செய்து பொறிகளில் வைக்கின்றனர். ஐரோப்பிய ஆணும் ஆசிய ஆணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் செல்லுக்குள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பு இருக்கிறது. அதில் தனி டி.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஆகவே மகனின் மைட்டோகாண்டிரியாவைப் படித்தால் அவன் தாய் எந்த நாட்டு வழியினள் என்பது தெரிந்துவிடும்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தாய் ஐரோப்பிய வகை, தந்தை ஆசிய வகை என்றால்? மைட்டோகாண்டிரியா 'ஐரோப்பா' என்றே சொல்லும். தந்தையின் ஜீன்கள் மறைந்து உள்ளே நுழைந்துவிடும். அதனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏ.வையும் சேர்த்தே சோதிக்கின்றனர்.

வாசலைக் காப்பது ஏன்?

இன்று ஆசியத் துறைமுகங்களிலிருந்து பூச்சி பறக்கும் பருவத்தில் புறப்படும் கப்பல்களை முட்டைக் குவியல் உண்டா என்று சோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். அமெரிக்காவும் கானடாவும் இதைக் கேட்டு வாங்குகின்றன. ஏற்கெனவே பரவிய வகையைப் பொறுத்தமட்டில், அதன் எல்லையில் ஆயிரக்கணக்கான பொறிகளை வைக்கின்றனர். புதிதாகத் தோன்றும் சிறு கூட்டங்களின் மேல் டிஸ்பார்லூரைத் தூவுகின்றனர். எங்கும் அதே மணம் வீசுவதால் ஆணுக்குப் பெண் இருக்கும் இடம் தெரிவதில்லை. இணை கிடைக்காத சிறு கூட்டம் தானே அழிகிறது. இம்முறையால் பூச்சி பரவும் வேகம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நஞ்சு செய்யாததைப் பூச்சியின் இயல்பைப் பற்றிய அறிவு செய்திருக்கிறது.

பஞ்சு அந்து நமக்குச் சொல்லும் பாடம் இதுதான். 'இந்த இனம் இங்கே வந்தாகிவிட்டது. இனிக் காவல் எதற்கு?' என்று சோர்ந்துவிடக் கூடாது. இனத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அது என்ன ஜீன்களைக் கொண்டுவருகிறது என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை வரவில்லையானால் கோலிக்குண்டுகளைக் கொண்டு நீங்களே சோதித்துப் பாருங்கள். கூடையிலிருந்து நான்கு குண்டுகளை எடுத்து, எத்தனை நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின் அதே கூடையிலிருந்து இன்னும் நான்கை எடுத்துச் சேர்த்து மீண்டும் எண்ணுங்கள். உங்கள் வகுப்பில் முப்பது பேரும் இதைச் செய்து, இரண்டாவது முறையில் புதிய நிறம் கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிடுங்கள். துறைமுகங்களில் கப்பலைச் சோதிப்பவர்கள் ஏன் ஒரு முட்டைக் குவியலைக்கூட விட்டுவிட அஞ்சுகிறார்கள் என்பது உங்களுக்கே விளங்கும்.